உங்களுக்குத் தெரியுமா? காது மிஷினுக்குள் இத்தனை அதிசயம்!

உங்கள் காதுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி மூச்சு விடுகிறது! நிஜமாகவே! காது மிஷினில் போடும் பட்டன் பேட்டரி, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் மின்சாரம் தயாரிக்கிறது. பெயரே ஜிங்க்-ஏர் பேட்டரி. துத்தநாகம் உள்ளே இருக்கிறது, காற்று வெளியிலிருந்து வருகிறது!

நம்பிக்கை இல்லையா? பேட்டரியின் தட்டையான பக்கத்தை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல குட்டிக் குட்டி ஓட்டைகள் தெரியும். மூச்சு அந்த வழியாகத்தான்!

அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதுதான் வண்ண ஸ்டிக்கர். அதைப் பிரித்த நொடியில் பேட்டரி வேலையைத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினால் நின்றுவிடுமா? நிற்காது! மிஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் ஆயுள் கரைந்துகொண்டேதான் இருக்கும். வசதியாக இருக்கட்டும் என்று அட்டையில் உள்ள அத்தனை ஸ்டிக்கரையும் மொத்தமாகப் பிரித்து வைப்பவர்களே, அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்!

ஸ்டிக்கர் பிரிக்காத பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும்? சுமார் 3 ஆண்டு!

ஸ்டிக்கரைப் பிரித்த கையோடு மிஷினுக்குள் போட்டுவிடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு நிமிடமாவது, முடிந்தால் 5 நிமிடம், மேஜை மேல் அப்படியே வையுங்கள். ஆக்சிஜன் உள்ளே போய் முழு வேகம் பிடிக்கட்டும். இந்த 5 நிமிடக் கணக்கைச் சோதித்துப் பார்த்துப் பிரபலமாக்கியது யார் தெரியுமா? விஞ்ஞானி அல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன்! பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தான். அவனும் காது மிஷின் அணிபவன்தான்!

இன்னொன்று கேளுங்கள். இந்த பேட்டரி தீரத் தீர எடை கூடும்! இழுத்த ஆக்சிஜன் துத்தநாகத்தோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. புது பேட்டரியைவிடத் தீர்ந்த பேட்டரிதான் கனம்!

டார்ச் லைட் மங்கி மங்கி அணையும். இது மங்காது! கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜ். பிறகு பொசுக்கென்று நின்றுவிடும். கல்யாண வீட்டில் பேச்சு நடுவே மிஷின் செத்துப்போவது இதனால்தான். பீப் சத்தம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. சட்டைப் பையில் ஒரு மாற்று பேட்டரி எப்போதும் இருக்கட்டும். ஆனால் சில்லறையோடும் சாவியோடும் சேர்த்துப் போடாதீர்கள். உலோகம் உரசினால் ஷார்ட் ஆகித் தீர்ந்துவிடும்!

மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு, நீலம். ஸ்டிக்கரில் இந்த நான்கு நிறம்தான்! மஞ்சள் என்றால் 10-ம் நம்பர். பழுப்பு 312. ஆரஞ்சு 13. நீலம் 675. பாரிஸில் வாங்கினாலும் பழனியில் வாங்கினாலும் இதே நிறம், இதே நம்பர்!

312-க்கும் 13-க்கும் குறுக்களவு ஒன்றேதான், 7.9 மில்லிமீட்டர்! வித்தியாசம் தடிமனில்தான். ஒன்று 3.6, மற்றது 5.4 மில்லிமீட்டர். நம்பர் பார்க்காமல் 13-ஐ 312 மிஷினில் அழுத்தி மூடினால் உடைவது பேட்டரி அல்ல, மிஷினின் குட்டிக் கதவு! கதவு லேசாக மூடவில்லை என்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம். ஒன்று நம்பர் மாறியிருக்கும், அல்லது பேட்டரி தலைகீழாக இருக்கும். ஓட்டை உள்ள பக்கம்தான் பிளஸ்!

பேட்டரியை ஃப்ரிட்ஜில் வைத்தால் நீண்ட நாள் வரும் என்கிறார்களா? நம்பாதீர்கள்! வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் பூக்கும். ஈரம்தான் அதற்கு முதல் எதிரி. அறை வெப்பம், உலர்ந்த டப்பா, அது போதும்.

ஒரு கணக்குப் போட்டேன், எனக்கே மலைப்பாக இருந்தது! தினமும் 14 மணி நேரம் மிஷின் அணிகிறீர்கள் என்று வையுங்கள். 5 ஆண்டில் 25,550 மணி நேரம் ஓடியிருக்கும்! மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பைக்கை அத்தனை மணி நேரம் ஓட்டினால் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நிலாவுக்குப் போய்த் திரும்பினாலே 7.7 லட்சம்தான்! பைக்கை சர்வீஸுக்கு விடாமல் இவ்வளவு தூரம் ஓட்டுவீர்களா?

நல்ல மிஷினின் ஆயுள் 3 முதல் 7 ஆண்டு என்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று 3 ஆண்டில் போய்விடும், இன்னொன்று 7 ஆண்டைத் தாண்டும். பெரும்பாலும் வித்தியாசம் வைத்திருப்பவர் கையில்தான்!

மிஷினைக் கெடுக்கும் முதல் இரண்டு வில்லன்கள் யார்? கீழே விழுவது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை! காது அழுக்கும் ஈரமும்தான்!

முதலில் ஈரம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்கள் கவனிக்க. மழையே இல்லாத நாளிலும் உங்கள் மிஷின் நனைகிறது! கடற்கரைக் காற்றில் அவ்வளவு ஈரப்பதம். போதாததற்கு வியர்வை. வியர்வையில் உப்பு. காதுக்குப் பின்னால் வழியும் உப்புத் தண்ணீர் பேட்டரி அறையின் மெல்லிய உலோகத் தகடுகளை அரிக்கும். பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள். தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது!

ஹெல்மெட் போட்டு வெயிலில் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. இறங்கியதும் மிஷினைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். பத்தே விநாடி!

இதற்குப் பைசா செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. இரவு கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதான்! மிஷின் அணைந்துவிடும், பேட்டரி மிச்சமாகும், உள்ளே தங்கிய ஈரமும் காய்ந்துவிடும். ஒரே செயலில் மூன்று லாபம்!

அடுத்தது டிரை பாக்ஸ். மூடி இறுக்கமாக உள்ள ஒரு சின்ன டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். இந்த மணிகள் தங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்! போதும் போதும் என்று ஆனதும் நிறம் மாறிச் சொல்லும். ஆரஞ்சு மணி பச்சையாகும், நீல மணி ரோஸ் ஆகும். நிறம் மாறிய மணிகளோடு மாதக்கணக்கில் மிஷினை வைத்திருப்பவர்கள் ஏராளம். அது வெறும் டப்பா! மணிகளை மாற்றுங்கள், அல்லது அட்டையில் சொல்லியபடி சூடாக்கிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். டப்பாவில் வைக்கும்போது பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். ரொம்பக் காய்ந்தாலும் ஜிங்க்-ஏர் பேட்டரிக்கு ஆகாது!

நனைந்த மிஷினை அரிசிப் பானைக்குள் புதைக்கலாமா? கூடவே கூடாது! அரிசி மாவுத் தூசு மைக் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹேர் டிரையர்? அதன் சூட்டில் பிளாஸ்டிக் வளையும், உள்ளே இருக்கும் பாகங்கள் போகும். அடுப்பு, மைக்ரோவேவ் எல்லாம் நினைத்தும் பார்க்காதீர்கள்! நனைந்தால் பேட்டரியை எடுங்கள், துடையுங்கள், டிரை பாக்ஸில் வையுங்கள். அப்புறமும் பேசவில்லை என்றால் ஆடியாலஜிஸ்ட்.

'ஐபி 68' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா? 6 என்பது தூசுக்கு, 8 என்பது தண்ணீருக்கு. கேட்கப் பிரமாதம்! ஆனால் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல் உப்பும் நீச்சல் குள குளோரினும் அந்தக் கணக்கில் வராது. குற்றாலத்துக்குப் போனால் மிஷின் அறையிலேயே இருக்கட்டும்!

இனி காது அழுக்கு. நல்ல தமிழில் குறும்பி. அதை வெளியே தள்ள நம் காதுக்குத் தானே தெரியும்! காதுக் குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேகம் எவ்வளவு? ஏறக்குறைய நகம் வளரும் வேகம்! நகர்கிற அழுக்கு நேரே போய் நிற்கும் இடம்தான் உங்கள் மிஷினின் ஸ்பீக்கர் வாய்!

குறும்பியில் இரண்டு ஜாதி. ஒன்று பிசுபிசுப்பு, ஒன்று பொரபொரப்பு. யாருக்கு எது என்று தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு! 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் காது அழுக்கே மாறிவிடுகிறது. அக்குள் நாற்றத்துக்கும் அதே மரபணுவுக்கும் தொடர்பு உண்டு!

மிஷின் சத்தம் குறைந்துவிட்டது, கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்! பல சமயம் உள்ளே ஒன்றும் கெட்டிருக்காது. வாயில் ஒரு துளி அழுக்கு. அவ்வளவே! காதுக்குள் வைக்கும் மிஷின்களின் முனையில் வேக்ஸ் கார்டு என்று கடுகு அளவில் ஒரு வடிகட்டி இருக்கும். அதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. அடைத்தது தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்!

சுத்தம் செய்ய நல்ல நேரம் எது? இரவு என்பீர்கள். காலை! ராத்திரி முழுக்கக் காய்ந்த அழுக்கு பிரஷ் பட்டதும் உதிரும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இன்னும் உள்ளேதான் போகும்.

பிரஷ் பிடிக்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது! மிஷினின் ஓட்டையுள்ள பக்கத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பிப் பிடியுங்கள். கீழேயிருந்து மேல்நோக்கி, மெல்ல, பிரஷ் நுனியால் தட்டுங்கள். உதிர்வது கையில் விழும். ஓட்டையை மேலே பார்க்கவைத்துத் தேய்த்தால் அத்தனையும் உள்ளே! குண்டூசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் வேண்டாம். அந்த மைக்கும் ஸ்பீக்கரும் அத்தனை மென்மை!

ஸ்பிரிட், சானிடைசர், ஈர டிஷ்யூ? மூன்றும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணி. கண்ணாடி துடைக்கும் துணி இருந்தால் அருமை!

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினில் குளிக்கக்கூடிய பாகம் ஒன்று உண்டு! காதுக்குள் போகும் மோல்டு. அதை மட்டும் மிஷினிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போட்டுக் கழுவலாம். கழுவியதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே குட்டித் துளிகள் மின்னும். குழாயின் உள் அகலம் 1.93 மில்லிமீட்டர்தான். ஒரு துளி நின்றாலே சத்தத்துக்கு வழி அடைத்துவிடும்! ரப்பர் பல்பு போல ஒரு ஏர் ப்ளோயர் கிடைக்கிறது. இரண்டு அழுத்து, துளி பறந்துவிடும். பிறகுதான் மிஷினோடு சேர்க்க வேண்டும். குழாய் மஞ்சளாகி விறைத்துவிட்டதா? மாற்றும் நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் வந்துவிடும்!

தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், நெற்றிக்கு விபூதி, சட்டைக்கு சென்ட். எல்லாம் முடிந்து, கையைத் துடைத்த பிறகுதான் மிஷின்! கடைசியாகப் போடுவது, முதலில் கழற்றுவது. இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டாலே மைக் ஓட்டை அடைப்பது பாதியாகக் குறையும் என்பேன்.

கொசுவுக்குப் பூசும் கிரீம் பிளாஸ்டிக்கைக் கரைக்குமா? டீட் கலந்ததாக இருந்தால், சில வகை பிளாஸ்டிக்கை நிஜமாகவே கரைக்கும்! 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான மருந்து. மூக்குக் கண்ணாடி பிரேமையே பதம் பார்க்கும். அந்தக் கையோடு மிஷினைத் தொடலாமா?

நாய் வளர்க்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் மிஷினுக்கு வீட்டிலேயே ஒரு ரசிகர்! அதிலிருக்கும் மனித வாசனை நாய்க்குப் பிடிக்கும். கழற்றி வைத்த மிஷின் 'கீ' என்று விசிலடித்தால் அதுவும் அதன் காதில் விழும். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்போம். நாய் 40,000-ஐயும் தாண்டும்! ஒரே கடி, பல ஆயிரம் ரூபாய் காலி. டப்பாவுக்கு மூடி அவசியம்!

வெயிலில் நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும்! மிஷினை அங்கே வைத்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போகாதீர்கள்.

மாட்டுவதும் கழற்றுவதும் எங்கே? கட்டில் மேல் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து! மொசைக் தரையிலும் டைல்ஸிலும் விழுந்தால் வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே மைக் போயிருக்கும்.

எந்தக் காதுக்கு எது என்று குழப்பமா? சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. உலகம் முழுக்க இதே வழக்கம்!

எம்.ஆர்.ஐ. அறைக்குள் மிஷினோடு போகக் கூடாது! வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அந்தக் காந்தத்துக்கு முன்னால் எந்த மிஷினும் நிற்காது.

விமானத்தில்? அங்கே கழற்றவே வேண்டாம்! போன், லேப்டாப்புக்கெல்லாம் கட்டுப்பாடு வைக்கும் அமெரிக்க விமான விதி, காது மிஷினுக்கு விலக்கு தந்திருக்கிறது. அதே விலக்குப் பட்டியலில் இன்னொரு பொருள் என்ன தெரியுமா? மின்சார ஷேவர்!

இவ்வளவு குட்டியாக ஆவதற்கு முன்னால் இது எப்படி இருந்தது? 1819-ல் போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜானுக்குச் செய்தது ஒரு சிம்மாசனம்! கைப்பிடிகளில் சிங்கத் தலைகள். பேச வந்தவர் மண்டியிட்டு சிங்கத்தின் வாய்க்குள் பேச வேண்டும். சத்தம் குழாய் வழியே மன்னர் காதுக்குப் போகும்!

பீத்தோவனுக்குக் காது ஊதுகுழல்கள் செய்துகொடுத்தவர் ஜோகன் மெல்செல். சங்கீதத்துக்குத் தாளக் கணக்கு தட்டும் மெட்ரோனோம் கருவிக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவரே!

1898-ல் மின்சாரத்தில் ஓடும் காது கருவியைச் செய்தவர் அமெரிக்காவின் மில்லர் ரீஸ் ஹட்சிசன். இங்கிலாந்து அரசி அலெக்சாண்ட்ராவும் 1902 முடிசூட்டு விழாவில் அவருடைய கருவியைத்தான் பயன்படுத்தினார். அதே ஹட்சிசன் பிற்பாடு கண்டுபிடித்தது எது? காதைப் பிளக்கும் கிளாக்சன் கார் ஹாரன்!

கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் பொருள் ரேடியோ என்று நினைத்திருப்பீர்கள். இல்லவே இல்லை! காது மிஷின்! 1952 டிசம்பரில் வந்தது சோனோடோன் 1010. டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததே 1954-ல்தான். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகம் காது மிஷின் செய்கிறவர்களிடம் மட்டும் ராயல்டியே வாங்கவில்லை. காது கேளாதவர்களுக்காகப் பாடுபட்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவுக்காக!

ஐ.சி. சிப்பை முதலில் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்ததும் இதுவே! 1964, ஜெனித் நிறுவனத்தின் காது மிஷின். கம்ப்யூட்டரும் செல்போனும் பிறகுதான்! இன்று காதுக்குப் பின்னால் மாட்டும் பல மிஷின்களின் எடை 3 கிராமுக்குள்!

சார்ஜ் ஏற்றும் மிஷின் வைத்திருக்கிறீர்களா? 3, 4 மணி நேர சார்ஜில் பெரும்பாலும் ஒரு நாள் முழுக்க ஓடும். ஈரத்தோடு சார்ஜரில் வைக்காதீர்கள். துடைத்துவிட்டு வையுங்கள்!

கைக்குழந்தைக்கு மிஷினா என்று கேட்காதீர்கள். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை. உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு இது! குழந்தையின் காது வேகமாக வளரும். முதல் ஆண்டில் சில வாரத்துக்கு ஒருமுறைகூட மோல்டு மாற்ற வேண்டிவரும். சத்தம் சரியாக வருகிறதா என்று குழந்தை சொல்லாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் போன்ற ஸ்டெட்டோகிளிப் என்ற குழாயை மாட்டி, அம்மாவோ அப்பாவோ தினமும் கேட்டுப் பார்க்கலாம்!

ஒரு எச்சரிக்கை. தீர்ந்த பேட்டரியைக் குழந்தை கையில் படும்படி போடாதீர்கள். பட்டன் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. காத்திருக்கவே கூடாது!

காது மிஷினுக்கு நம் நாட்டில் ஜி.எஸ்.டி. எவ்வளவு? பூஜ்யம்! வாங்க வசதியில்லாதவர்களுக்கு மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது. கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோவே மிஷின் தயாரிக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மார்ச் 3 உலக செவித்திறன் நாள். ஏன் 3.3? இரண்டு 3-ஐயும் பாருங்கள், இரண்டு காது!

உலகத்தில் ஏதோ ஒரு அளவுக்குக் காது கேளாமை உள்ளவர்கள் 150 கோடிக்கும் மேல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மிஷின் போட்டால் பயன்பெறக்கூடியவர்களில் 100-க்கு 17 பேர்தான் போடுகிறார்கள்!

உங்கள் வீட்டு மேஜை டிராயரில் தாத்தாவின் மிஷின், பேட்டரியோடு மூடிக் கிடக்கிறதா? இன்றைக்கே எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கதவைத் திறந்து காயவிடுங்கள், பிரஷ் போடுங்கள். நாளைக் காலையில் புது பேட்டரி ஒன்றின் ஸ்டிக்கரைப் பிரித்து 5 நிமிடம் வைத்துப் போட்டுப் பாருங்கள். பேசினால் தாத்தாவிடம் கொடுங்கள். பேசாவிட்டால் ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோங்கள். கெட்டுப்போனது என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள்!